கண்ணாடி அலமாரியும் அரை அடியும்

அந்த டிரில்லிங் மெஷினைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள் தம்பி. பிளக்கில் இன்னும் சொருக வேண்டாம். என் வீட்டுக்காரி பத்து மணிக்கு வரச் சொன்னாள், நீங்களும் பத்துக்கே வந்துவிட்டீர்கள், அதெல்லாம் சரி. அவள் ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். இன்றைக்குப் பாமாயில் போடுகிறார்கள். வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கும், ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்குள் நான் சொல்வதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, துளை போடலாமா கூடாதா என்று நீங்களே சொல்லுங்கள்.

பேர் என்ன சொன்னீர்கள்? அந்தோணிச்சாமி. நல்லது. நான் மாசிலாமணி. இதே விருதுநகரில், கல்லூரியில், வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தேன். பேராசிரியர்கள் வருவார்கள், போவார்கள். அமில பாட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் நான் கேட்ட பாட்டில் கையில் இருக்கும். லேபிள் இல்லாத பாட்டிலை நான் தொட்டதே கிடையாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஏதோ பொழுது போகாமல் பெயிண்டும் கையுமாகத் திரிகிற ஆள் என்று நீங்கள் என்னை நினைத்துவிடக் கூடாது. அதற்குத்தான்.

வாருங்கள், முதலில் அதைப் பாருங்கள். செருப்போடே வரலாம், காய்ந்துதான் இருக்கிறது.

இதுதான். பாத்ரூம் கண்ணாடி அலமாரி. இப்போது பார்த்தால் புதிது மாதிரி இருக்கிறது, இல்லையா? வீடு குடிவந்த வருடம் வாங்கியது. முப்பது வருடம். தகரம். முன்பக்கம் தள்ளுகதவாக இரண்டு கண்ணாடி. நாலு மாதத்துக்கு முன்னால் இதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடித்தட்டு முழுக்கத் துரு. கதவைத் தள்ளினால் தெருவுக்கே கேட்கும். உள்ளே பேஸ்ட், சோப்பு, சீயக்காய், என் ரேசர், அவளுடைய தைலம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. ஒன்றை எடுத்தால் மூன்று விழும். இத்தனை வருடம் ஆய்வகத்தை அடுக்கி வைத்தவன் வீட்டில் இப்படி ஒரு அலமாரி.

அப்புறம் அந்தப் பொட்டுகள். கண்ணாடி நிறைய ஸ்டிக்கர் பொட்டு. குளிக்கப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவது, மறந்துவிட்டு வெளியே வந்து புதுப் பொட்டு வைத்துக்கொள்வது. உங்கள் வீட்டிலும் அதே கதைதானா? எங்கே போனாலும் அதே கதைதான். நான் சுரண்டி எடுக்கும்போது எண்ணினேன், நூற்று நாற்பத்து மூன்று. அதில் ஒரு விசித்திரம் பாருங்கள். அத்தனையும் கீழ் ஓரத்தில்தான். கண்ணாடியின் அடிவிளிம்பை ஒட்டி, எறும்பு போகிற மாதிரி வரிசையாக. மேலே ஒன்றரை அடிக்குச் சுத்தமாக இடம் கிடக்கும்போது எதற்குக் கீழேயே ஒட்ட வேண்டும்? எனக்கு அது இன்றுவரை விளங்கவில்லை.

சொல்ல வந்தது அதில்லை.

எங்கள் மகள் தாமரை ஓசூரில் இருக்கிறாள். இரண்டாவது பிரசவம். சௌந்தரம் மூன்று மாதம் உதவிக்குப் போனாள். சௌந்தரம் என்பது என் வீட்டுக்காரி. உங்களைப் போனில் கூப்பிட்டது அவள்தான். மூன்று மாதம் நான் மட்டும். அவள் வருவதற்குள் இந்த அலமாரியை அடையாளம் தெரியாமல் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அவளுக்காகத்தான் தம்பி. எனக்கு என்ன, ஒரு ரேசர், ஒரு பிரஷ்.

கழற்றினேன். நாலு ஸ்குரூ. மேலே இரண்டு, கீழே இரண்டு, எல்லாம் உள்பக்கமாக முதுகுத் தகட்டில். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்தேன், நாலு நாள். ரெட் ஆக்சைடு ஒரு கோட். அது காய்ந்த பிறகு இந்த நீலம், இரண்டு கோட். கடைக்காரர் ஒன்றே போதும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கதவுக்கு எண்ணெய் விட்டேன், தள்ளிப் பாருங்கள், சத்தமே வராது. இந்தப் பிடி இருக்கிறதே, கண்ணாடிப் பிடி, இது ஆய்வகத்து பாட்டிலின் மூடி. பழைய சாமான் ஏலத்தில் ஒரு பெட்டி எடுத்திருந்தேன். வெளிச்சம் பட்டால் சுவரில் வானவில் விழும். காலை எட்டரைக்கு வந்தால் பார்க்கலாம். உள்ளே பிரஷ் வைத்திருப்பது டெஸ்ட் டியூப் ஸ்டாண்ட். ஆறு ஓட்டை. எங்களுக்கு இரண்டு போதும், விருந்தாளி வந்தால் நாலு பேர் வரை தாங்கும்.

தட்டுக்குத் தட்டு லேபிள். என் கையெழுத்துதான். இந்தியன் இங்க், மேலே வார்னிஷ், தண்ணீர் பட்டாலும் அழியாது. இதோ, ‘மா – சவரம்’. ‘மா – பல்’. அதற்கு மேலே ‘பொது’. எல்லாவற்றுக்கும் மேல் தட்டு முழுக்க அவளுக்கு. ‘சௌ – தலை’, ‘சௌ – முகம்’. உச்சித் தட்டை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன், கவனியுங்கள். அடித்தட்டில் அவளைத் தள்ளவில்லை. அது ஒரு மரியாதை.

ஏன் தம்பி எக்கிப் பார்க்கிறீர்கள்? கண்ணுக்கு மேலேதான் தெரிகிறதா? மூக்கு தெரியவில்லையா? அதற்குத்தான் இந்த முக்காலி. ஏறிப் பாருங்கள். பயப்படாதீர்கள், ஈரத்தில் வழுக்கக் கூடாது என்று நாலு காலுக்கும் ரப்பர் கார்க் மாட்டியிருக்கிறேன். சௌந்தரத்திடமும் இதைத்தான் சொன்னேன். வகிடு மட்டும்தான் தெரிகிறது என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளே, இனிமேல் முக்காலியில் ஏறி முழு முகத்தையும் பார் என்றேன். கேட்டால்தானே.

ஆமாம், முப்பது வருடம். குடிவந்த அன்றைக்கே ஆரம்பித்தாள். அலமாரியை அரை அடி இறக்குங்கள், அரை அடி இறக்குங்கள் என்று. பொங்கலுக்கு வெள்ளையடித்தால் சொல்வாள். குழாய் மாற்ற ஆள் வந்தால் சொல்வாள். தாமரை கல்யாணத்துக்கு பாத்ரூமில் புது டைல்ஸ் ஒட்டினோம், அப்போதும் சொன்னாள். நானும் ஒவ்வொரு தடவையும் காரணம் சொல்லியிருக்கிறேன். டைல்ஸ் விரிந்துவிடும். பழைய ஓட்டை அசிங்கமாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, கண் மட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆய்வகத்துக்குள் வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். குழாயில் திரவத்தின் அளவைப் படிக்கும்போது கண் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலே இருந்து பார்த்தாலும் தப்பாகத் தெரியும், கீழே இருந்து பார்த்தாலும் தப்பாகத் தெரியும். கண்ணாடிக்கும் அதே சட்டம்தான். இந்த அலமாரி மிகச் சரியாகக் கண் மட்டத்தில் மாட்டியிருக்கிறது. நானே அளந்து மாட்டியது.

என்ன கேட்டீர்கள்? யாருடைய கண் என்றா?

கண் என்றால் கண்தான் தம்பி. எதிர்வீட்டில் பி.டி. மாஸ்டர் கதிரேசன் இருக்கிறார், என்னைவிட ஒரு விரல் உயரம். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். தலை சீவிப் பார்த்துவிட்டு, அளவெடுத்த மாதிரி இருக்கிறது சார் என்றார். அவருக்கு உள்நோக்கம் ஒன்றும் கிடையாது.

சரி. ஓசூருக்குப் போன் பண்ணும்போது சொன்னேன், பாத்ரூமில் உனக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறேன் என்று. உடனே அவள் குரலே மாறிவிட்டது. “இறக்கிட்டீங்களா?” என்றாள். அதைவிடப் பெரிது என்றேன். அதைவிடப் பெரிதாம் என்று தாமரையிடம் சொல்லி அவள் சிரிப்பது எனக்குக் கேட்டது. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னாடியே பஸ் ஏறிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், எவ்வளவு ஆசையாக வந்திருப்பாள்.

வந்தாள். பையைக் கூட உள்ளே வைக்கவில்லை. நேரே இங்கே வந்தாள். நீங்கள் நிற்கிறீர்களே, அதே இடத்தில் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

“இறக்கலையா?”

அவ்வளவுதான். நான் ரெட் ஆக்சைடைச் சொன்னேன். இரண்டு கோட்டைச் சொன்னேன். வானவில்லைச் சொன்னேன். ம் என்றாள். பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பன்னிரண்டு நாள். இந்தக் கதவை அவள் ஒரு தடவை கூடத் திறக்கவில்லை. கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு மேலே ஆணியில் ஒரு கைக்கண்ணாடியை மாட்டிவிட்டாள். தலை சீவுவது அங்கே, பொட்டு வைப்பது அங்கே, பல் துலக்குவது கொல்லைக் குழாயில். பின்வீட்டு மாடியிலிருந்து பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சண்டை போட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது, பேத்தியைப் பற்றிப் பேசுகிறாள், சிரிக்கிறாள். அலமாரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. நானாகப் பேச்செடுத்தால், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுகிறாள். எனக்கு வேண்டியது என்ன தம்பி? பாராட்டு வேண்டாம். ஒரே ஒரு தடவை திறந்து, அந்த மேல் தட்டைப் பார்த்தால் போதும். மூன்று மாத வேலை. அதை ஒரு ஆள் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றால், அதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

இதில் இன்னொன்றும் நடக்கிறது. கண்ணாடிக்குக் கீழே, வாஷ்பேசினுக்கு மேலே, டைல்ஸில் பாருங்கள். இடப்பக்கம் ஒரு பொட்டு, வலப்பக்கம் ஒரு பொட்டு. கண்ணாடியில் ஒட்டாதே என்று நான் சொன்னதற்குப் பதில் இது. ஊரிலிருந்து வந்த மறுநாள் பார்த்தேன். தின்னர் தொட்டுத் துடைத்து எடுத்தேன். அடுத்த நாள் காலை வாக்கிங் போய்விட்டு வந்து பார்த்தால் திரும்ப இரண்டு, அதே இடம். எடுத்தேன். மறுபடியும் இரண்டு. இன்று காலையோடு இருபத்திரண்டு ஆகிவிட்டது. எடுத்ததையெல்லாம் ஒரு சின்ன பாட்டிலில் போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறேன். தாமரை வந்தால் காட்டுவேன், உன் அம்மா செய்கிற வேலையைப் பார் என்று.

அதனால் உங்களிடம் ஒரு சின்ன உதவி. உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, துளை போட்டால் பொத்துக்கொள்ளும், அலமாரி இருக்கிற இடத்தில் இருப்பதுதான் நல்லது என்று அவளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டாள். மெஷின் வைத்திருக்கிறவர் சொன்னால் நம்புவாள். இறக்குகிற வழி இல்லை என்று ஆகிவிட்டால், வேறு வழியில்லாமல் ஒரு நாள் திறப்பாள். பொய்தான், தெரிகிறது. யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்.

ஏன் அந்தப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?

என்ன? குறி வைத்திருக்கிறார்களா? யார்? இது குறியா? இல்லை தம்பி, இது வீம்பு. உங்களுக்கு அவளைத் தெரியாது. பொட்டு இருக்கிற இடத்தில்தான் துளை என்று போனிலேயே சொன்னாளா? கீழ் ஸ்குரூ இரண்டும் அங்கே வர வேண்டும் என்றா? அவளுக்கு ஸ்குரூவைப் பற்றி என்ன தெரியும்? கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்து ஒட்டியிருப்பாள். அந்த இடத்தில் நீங்கள் துளை போட்டால் அலமாரி கோணலாகத்தான் நிற்கும். இருங்கள், என்னிடம் டேப் இருக்கிறது. அளந்தே காட்டிவிடுகிறேன். இந்த முனையைப் பிடியுங்கள்.

பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவே நாற்பத்து மூன்றரை சென்டிமீட்டர்.

நாற்பத்து மூன்றரை.

இருங்கள். உங்கள் ரசமட்டத்தைக் கொடுங்கள். இப்படி வைக்கிறேன். குமிழி நடுவில் நிற்கிறது. நடுவில்தான் நிற்கிறது, இல்லையா? இரண்டு கோட்டுக்கும் மத்தியில்.

தம்பி, இந்த அலமாரியின் அகலம் ஐம்பத்திரண்டு. வெளியே நின்று அளந்தால் ஐம்பத்திரண்டுதான் வரும். நாற்பத்து மூன்றரை என்பது உள்ளே ஸ்குரூவுக்கும் ஸ்குரூவுக்கும் உள்ள தூரம். கழற்றி மாட்டியவன் நான், எனக்கு அது மனப்பாடம். அந்த ஸ்குரூ இரண்டும் வெளியே தெரியாது. பிரஷ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. கதவைத் தள்ளி, ஸ்டாண்டை நகர்த்தி வைத்துவிட்டு, டேப்பை உள்ளே விட்டால்தான் இந்த அளவு கிடைக்கும்.

அப்படியென்றால் திறந்திருக்கிறாள்.

ஒரு நிமிடம். மேல் தட்டைப் பார்க்கிறேன். அதை நான் தொடுவதே இல்லை. அடுத்தவர் தட்டில் கை வைக்கக் கூடாது, அது ஆய்வக ஒழுங்கு. ஆனால் எந்த பாட்டிலை வைத்தாலும் திரவம் நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவது எனக்குக் கைப்பழக்கம். இதோ, ‘சௌ – தலை’. தேங்காய் எண்ணெய். அவள் வருவதற்கு முந்தின நாள் வைத்தேன், கோடு இங்கே இருக்கிறது. எண்ணெய் இப்போது எங்கே இருக்கிறது, நீங்களே பாருங்கள். நாலு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. நான் மட்டத்தில் கண்ணை வைத்துத்தான் படிக்கிறேன், பிசகாது. நாலு சென்டிமீட்டர் என்பது ஒரு நாள் எடுத்தது இல்லை. தினமும் எடுத்திருக்கிறாள். நான் காலையில் வாக்கிங் போகிற ஒரு மணி நேரத்தில்.

தினமும் திறந்திருக்கிறாள் தம்பி. லேபிள் எல்லாவற்றையும் படித்திருப்பாள்.

ஆனால் அவளுக்கு இந்தத் தட்டு எட்டாதே. நாலடி பத்து அங்குலம்தான். முக்காலியில் ஏறியிருக்கிறாள். குளித்த ஈரம் காயாத தரையில், முக்காலியில், அறுபத்தொரு வயதில். ஏறுவது சரி. இறங்கும்போது உள்ளங்கையில் எண்ணெய் இருக்குமே. எதைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருப்பாள்? இந்த பேசினையா? இது போன வருடத்திலிருந்தே ஆடுகிறது.

பிளக் பாயிண்ட் அதோ, கதவுக்கு வெளியே இருக்கிறது. சொருகுங்கள்.

குழாயைப் பற்றி நான் சொன்னதை விடுங்கள். குழாய் அந்தப் பக்கச் சுவரில் போகிறது. இந்தச் சுவரில் ஒன்றும் இல்லை. நான் கட்டின வீடு, எனக்குத் தெரியாதா. முதலில் சாமான்களை எடுத்துவிடலாம், நான் வரிசை மாறாமல் வெளியே அடுக்குகிறேன். அந்த முக்காலியைத் தூக்கி வெளியே போடுங்கள், தயவுசெய்து. ஸ்குரூவைக் கழற்றுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். கண்ணாடி பத்திரம்.

தம்பி, ஒரு யோசனை. அரை அடி இறக்குவதுதான் இறக்குகிறோம், இன்னும் ஓர் அங்குலம் சேர்த்து இறக்கிவிட்டால் என்ன? அவளுக்கு இன்னும் வசதியாக இருக்கும், குனிந்து பார்க்கும்போதுகூட… என்ன? அம்மா சொன்ன இடத்தில்தான் போடுவீர்களா?

சரி. அம்மா சொன்ன இடம்.

போடுங்கள். சத்தத்தில் ஒன்றும் கேட்காது, முடித்ததும் பேசுகிறேன்.

…டைல்ஸ் விரியவில்லையே. ஒரு கீறல்கூட இல்லை. முப்பது வருடமாக விரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே இந்தப் பழைய ஓட்டைகளுக்கு வெள்ளைச் சிமென்ட் வைத்துக்கொள்ளலாம். எனக்கும் முழு முகமும் தெரிகிறது, உச்சிமுடி ஒரு விரற்கடை மறைகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் எனக்கு முடியும் கிடையாது.

கேட் சத்தம். வந்துவிட்டாள். வேலை சுலபமாக முடிந்தது என்று மட்டும் சொல்லுங்கள், மற்றது வேண்டாம்.

சௌந்தரம், பையை அங்கேயே வை. இங்கே வா. தூசியாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை, வா. வெறும் தரையில் நில். இன்னும் கொஞ்சம் கிட்டே.

பார்க்கிறாள் தம்பி. ஒன்றும் பேசாதீர்கள்.

கழுத்துச் சங்கிலியைச் சரி செய்கிறாள். பொட்டை நடுவில் தள்ளி வைக்கிறாள்.

என்ன சௌந்தரம்? உரக்கச் சொல்லு, அவருக்கும் கேட்கட்டும்.

“இந்த ஊதா ரொம்ப அடிக்குதுங்க. வெளிர் நீலமா ஒண்ணும் கிடைக்கலையா கடையில?”

கேட்டீர்களா அந்தோணிச்சாமி? நிறத்தைச் சொல்கிறாள். பெயிண்டைப் பார்த்துவிட்டாள். உட்காருங்கள், டீ குடித்துவிட்டுத்தான் நீங்கள் போக வேண்டும். சௌந்தரம், அது ஊதா இல்லை, கடல் நீலம். இரண்டு கோட்.